சரக்குக் கப்பலில் கண்டம் கடக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

பெட்டகக் (கன்டெய்னர்) கப்பல்களில் பொறியாளராக நான் பணியாற்றிய நாள்களில், பிரான்சின் லெ ஆவ்ர் துறைமுகத்தில் ஏறி எங்களோடு சிங்கப்பூர் வரை வந்த ஒரு முதிய தம்பதியைப் பற்றிச் சென்ற இதழில் நான்கு வரி எழுதியிருந்தேன். சரக்குக் கப்பலில் சரக்கைத் தவிர வேறு யாரும் போக முடியுமா என்று வியந்தும், போக விரும்பியும் வந்த கடிதங்கள் மேசையை நிறைத்துவிட்டன. ஒரே பொருளில் வந்தவற்றைச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் இங்கே விடை அளிக்கிறேன்.

கேள்வி: விமானம் என்றாலே எனக்கு உடல் நடுங்குகிறது. பிரான்சில் இருக்கும் மகளைப் பார்க்கச் சரக்குக் கப்பலில் செல்ல வழி உண்டா? (மதுரையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: இந்தக் கேள்வியைத் தாங்கள் 2019ஆம் ஆண்டில் கேட்டிருந்தால் விடை சற்று எளிதாக இருந்திருக்கும். அப்போது பிரான்சின் சி.எம்.ஏ. சி.ஜி.எம். நிறுவனம் தன் பெட்டகக் கப்பல்கள் பலவற்றில் பயணிகளை ஏற்றிக்கொண்டிருந்தது. இத்தாலியின் கிரிமால்டி நிறுவனம் ஐரோப்பாவிலிருந்து தென் அமெரிக்காவுக்குக் கார்களையும் லாரிகளையும் கொண்டுசெல்லும் கப்பல்களில் ஏற்றியது. ஜெர்மானியர்களுக்குச் சொந்தமான சில கப்பல்களிலும் இடம் கிடைத்தது. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது இவை அனைத்தும் பயணிகளுக்குக் கதவை அடைத்தன. அந்த ஆண்டின் இறுதியில், ஒப்பந்தக் காலம் முடிந்தும் கரையிறங்க முடியாமல் கடலிலேயே கிடந்த மாலுமிகள் மட்டும் ஏறக்குறைய 4 லட்சம் பேர் என்றால், பயணிகளைப் பற்றி யார் கவலைப்பட்டிருப்பார்கள்? தொற்று அடங்கிய பிறகும் அடைத்த கதவுகளில் பெரும்பாலானவை திறக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு பயணிகளிடம் கிடைக்கும் பணம், பல்லாயிரம் பெட்டகங்களைச் சுமக்கும் கப்பலின் கணக்கில் எண்ணெய்ச் செலவுக்குக்கூட உறைபோடக் காணாது என்பதே அதற்கு முதற்காரணம் என்று நான் கருதுகிறேன்.

தங்களுக்கு மேலும் ஒரு தடை உண்டு. கதவு திறந்திருந்த காலத்திலும், ஐரோப்பா–ஆசியா வழித்தடத்தில் பயணிகள் ஏறி இறங்கியவை மலேசியாவின் போர்ட் கிளாங், சிங்கப்பூர் போன்ற துறைமுகங்களே. சென்னையிலோ தூத்துக்குடியிலோ பயணச்சீட்டோடு ஒருவர் கப்பலேறியதை நான் கண்டதில்லை. ஆகவே தங்களுக்கு நான் சொல்லக்கூடியது வேறு ஒரு வழி. உல்லாசக் கப்பல்கள் பருவம் மாறும்போது ஆசியக் கடல்களிலிருந்து மத்தியதரைக் கடலுக்கு இடம்பெயர்வது வழக்கம். அத்தகைய ஒருவழிப் பயணங்களுக்குத் தனியாகச் சீட்டு விற்பார்கள். செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படும் நிலைமையைப் பொறுத்து அவையும் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகக்கூடும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, ஒரு நல்ல பயண முகவரிடம் விசாரியுங்கள்.

சரக்குக் கப்பலில்தான் போவேன் என்பவர்களுக்கு இன்று நம்பிக்கை தரும் கடல் அட்லாண்டிக். பாய்மரங்களின் துணையோடு சரக்கு ஏற்றிச் செல்லும் புதிய கப்பல்கள் அங்கே ஓடத் தொடங்கியுள்ளன. 2024 ஆகஸ்டில் லெ ஆவ்ரிலிருந்து நியூயார்க்குக்கு முதல் பயணம் புறப்பட்ட ஆனெமோஸ் ஒன்று. 2025 அக்டோபரில் பிரான்சின் சென் நசேரிலிருந்து அமெரிக்காவின் பால்டிமோருக்குப் புறப்பட்ட, 136 மீட்டர் நீளமுள்ள நியோலைனர் ஒரிஜின் மற்றொன்று. இரண்டிலும் பயணிகளுக்கு அறைகள் வைத்தே கட்டியிருக்கிறார்கள், 12 பேருக்கு.

கேள்வி: எங்கே படித்தாலும் 12 பேர் என்றே எழுதியிருக்கிறார்கள். அது என்ன கணக்கு? (புதுக்கோட்டை வாசகர்)

பதில்: கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கை, டைட்டானிக் மூழ்கியதற்குப் பின் 1914இல் முதன்முதலாக வரையப்பட்டு, இன்று 1974ஆம் ஆண்டின் வடிவில் திருத்தங்களோடு நடைமுறையில் இருக்கிறது. அதன்படி 12 பேருக்கு மேல் பயணிகளை ஏற்றும் எந்தக் கப்பலும் பயணிகள் கப்பல். பதின்மூன்றாவது ஆள் கால் வைத்த உடனே, நீர் புகாத தடுப்புகள், தீத்தடுப்புச் சுவர்கள், உயிர்காப்புப் படகுகளின் எண்ணிக்கை என்று எல்லாவற்றுக்கும் வேறு விதிகள் வந்துவிடும். சரக்கு ஏற்றுவதற்காகக் கட்டிய கப்பல் அவற்றை நிறைவு செய்ய இயலாது.

அறைகள் எங்கிருந்து வந்தன என்றும் இவ்வாசகர் கேட்கிறார். பெரிய கப்பல்களில் உரிமையாளர் எப்போதாவது வந்தால் தங்குவதற்கு ஓர் அறை, துறைமுகத்திலும் கால்வாயிலும் கப்பலுக்கு வழிகாட்ட ஏறும் பைலட்டுக்கு ஓர் அறை, சூயஸ் கால்வாயைக் கடக்கும்போது ஏறும் எகிப்தியப் படகுக்காரர்களுக்கு ஓர் அறை என்று கட்டும்போதே ஒதுக்குவார்கள். மேலும், முன்பெல்லாம் 30 பேர் பார்த்த வேலையை இன்று 20 சொச்சம் பேர் பார்ப்பதால் அதிகாரிகளின் அறைகளும் சில காலியாகிவிடும். கட்டிலும் மேசையும் குளியலறையும் கொண்ட அந்த அறைகள் உல்லாசக் கப்பலின் மலிவான அறைகளைவிட விசாலமானவை. ஆனால் சன்னலைத் திறந்தால் கடல்தான் தெரியும் என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டு அடி தள்ளி ஒரு பெட்டகத்தின் நீல நிறத் தகரம் மட்டும் தெரிந்த அறையில் ஒருவர் 24 நாள் பயணம் செய்ததை நான் அறிவேன்.

கேள்வி: எத்தனை நாள் ஆகும், எவ்வளவு செலவாகும்? விமானத்தைவிட மலிவா? (திருச்சி வாசகர்)

பதில்: மலிவு இல்லை. 2020க்கு முன்பு உணவும் அறையும் சேர்த்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 யூரோ வாங்கினார்கள். இதோடு காப்பீடு, மருத்துவச் சான்று, முகவர் கட்டணம் எல்லாம் சேரும்.

நாள் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்கலாம். ராட்டர்டாமிலிருந்து சூயஸ் வழியாகச் சிங்கப்பூர் ஏறக்குறைய 8,300 கடல் மைல். கப்பல் 18 நாட் வேகத்தில் ஓடினால், அதாவது மணிக்கு 33 கிலோமீட்டர், ஒரு நாளைக்கு 432 கடல் மைல் கடக்கும். எங்கும் நிற்காமல் ஓடினாலே 19 நாள் வேண்டும். இடைத் துறைமுகங்களைச் சேர்த்தால் ஒரு மாதத்தை நெருங்கிவிடும். 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கிய பின் பெரும்பாலான பெட்டகக் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லத் தொடங்கின. அந்த வழி ஏறக்குறைய 3,500 கடல் மைல் கூடுதல், ஆகவே எட்டுப் பத்து நாளும் கூடுதல்.

ஆனால் நாளைக் கணக்கிட்டு வைத்துக்கொண்டு ஏறுபவர்கள்தான் பெரிதும் துன்பப்படுகிறார்கள் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பயண ஒப்பந்தத்திலேயே, புறப்படும் நாளும் சேரும் நாளும் துறைமுகமும் சரக்கின் தேவைக்கேற்ப மாறும், அதற்காக இழப்பீடு கோர மாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். அது வெற்றுச் சடங்கு அன்று. 2021 மார்ச் 23 அன்று 400 மீட்டர் நீளமுள்ள எவர் கிவன் என்ற பெட்டகக் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் அடைத்து நின்றபோது, இரு முனைகளிலும் நூற்றுக்கணக்கான கப்பல்கள் காத்துக் கிடந்தன. அவ்வளவு பெரிய விபத்தும் தேவையில்லை. ஒருமுறை எங்கள் கப்பல் துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் வெளியே மூன்று நாள் நங்கூரமிட்டு நின்றது. மறுநாள் காலை விமானத்துக்குச் சீட்டு எடுத்திருந்த ஒரு பயணி, இரவெல்லாம் தளத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கைக்கெட்டும் தூரத்தில் மின்னிய நகரத்து விளக்குகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவரை இறக்கிவிடப் படகு கேட்கலாம். அதற்கான செலவு அவருடைய விமானச் சீட்டைவிட அதிகம். கேப்டன் அவருக்கு ஒரு கோப்பைக் காப்பி அனுப்பினார், வேறு ஒன்றும் செய்ய முடியவில்லை.

கேள்வி: நான் சுத்த சைவம். தனியாகச் செல்ல விரும்பும் பெண்ணும்கூட. என்னால் முடியுமா? (கோயம்புத்தூர் வாசகி)

பதில்: உணவை முதலில் சொல்கிறேன். கப்பலில் ஒரே சமையற்காரர். அவர் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ்காரராகவோ இந்தியராகவோ இருப்பார். காலை ஏழரை, நண்பகல் பன்னிரண்டு, மாலை ஐந்தரை என்ற நேரங்கள் மாறவே மாறா. ஆறரைக்கு வந்து நின்றால் குளிர்பெட்டியில் மிச்சம் இருப்பதுதான். பிலிப்பைன்ஸ் மாலுமிகள் மூன்று வேளையும் சோறு உண்பவர்கள் என்பதால் சோற்றுக்குப் பஞ்சமில்லை. சைவம் என்பதை ஏறும்போது சொன்னால் போதாது, சீட்டு எடுக்கும்போதே எழுதித் தெரிவிக்க வேண்டும், ஏனெனில் மளிகையும் காய்கறியும் துறைமுகத்தில்தான் ஏற்றப்படும். கீரையும் தக்காளியும் முதல் வாரத்தோடு சரி. அதற்குப்பின் முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, காரட், வெங்காயம் என்றே ஓடும். ஊறுகாய் பாட்டில் ஒன்றும் பருப்புப் பொடி அரை கிலோவும் கொண்டுசெல்லுங்கள். கடல் கொந்தளிக்கும் நாளில் பரிமாறுபவர் மேசைவிரிப்பின் மேல் தண்ணீர் தெளித்து நனைத்துவிடுவார். ஈரத்துணியில் தட்டு வழுக்காது. அப்படி நனைந்த விரிப்பைக் கண்டால் அன்றைக்கு ரசம் கேட்காமல் இருப்பது நல்லது.

தனியாகச் செல்வதைப் பற்றி: அறைக்கு உள்தாழ்ப்பாள் உண்டு, தனியாகப் பயணம் செய்த பெண்கள் பலரை என் பணிக்காலத்தில் கண்டிருக்கிறேன். ஆனாலும் உலகக் கடலோடிகளில் பெண்கள் 100க்கு இருவர்கூட இல்லை என்பதை மறக்க வேண்டாம். இருபது சொச்சம் ஆண்களுக்கிடையே ஒரே பெண்ணாக மூன்று வாரம் இருப்பது சிலருக்கு ஒரு பொருட்டாகவே இராது, சிலருக்கு மூச்சு முட்டும். கேப்டனிடம் முதல் நாளே பேசிப் பழகிக்கொள்ளுங்கள்; எந்தக் குறையையும் அவரிடம் நேரடியாகச் சொல்லும் உரிமை பயணிக்கு உண்டு.

கேள்வி: எனக்கு வயது 72, சர்க்கரை நோய் உண்டு. கப்பலில் மருத்துவர் இருப்பாரா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: இருக்க மாட்டார். மூன்று நாளுக்கு மேற்பட்ட பன்னாட்டுப் பயணத்தில் 100 பேருக்குக் குறையாமல் இருக்கும் கப்பலில்தான் மருத்துவர் கட்டாயம். சரக்குக் கப்பலில் மருத்துவப் பயிற்சி பெற்ற ஓர் அதிகாரி, பெரும்பாலும் இரண்டாம் அதிகாரி, மருந்துப் பெட்டிக்குப் பொறுப்பாக இருப்பார். காயத்துக்குத் தையல் போடுவார், ஊசி போடுவார். அதற்கு மேல் என்றால் கரையில் உள்ள மருத்துவர்களைத் தொடர்புகொண்டு அவர்கள் சொல்வதைச் செய்வார். ரோம் நகரில் 1935 முதல் இயங்கும் வானொலி மருத்துவ மையம் எந்த நாட்டுக் கப்பலுக்கும் இவ்வாறு கட்டணமின்றி ஆலோசனை வழங்கி வருகிறது. ஆனால் நடுக்கடலுக்கு ஹெலிகாப்டர் வராது. அதன் எரிபொருள் அவ்வளவு தூரத்துக்குப் போதாது.

இதனால்தான் நிறுவனங்கள் 75 அல்லது 80 வயதை மேல் எல்லையாக வைத்து, மருத்துவச் சான்றும், நோயாளிக்காகக் கப்பல் வழி மாறினால் ஆகும் செலவை ஏற்கும் காப்பீடும் கேட்டன. தங்கள் வயது எல்லைக்குள்தான் இருக்கிறது. எனினும் சர்க்கரையைவிட முழங்காலைப் பற்றியே நான் கேட்பேன். கரையிலிருந்து ஏறும் அலுமினியப் படிக்கட்டு செங்குத்தாகத் தொங்கும், கீழே வலையும் அதற்குக் கீழே தண்ணீரும் தெரியும், படிகள் காலடியில் ஊசலாடும். உள்ளே உணவறைக்கும் தங்கும் அறைக்கும் இடையே நான்கைந்து மாடி. மின்தூக்கி இருந்தாலும் கப்பல் ஆடும்போது அதை நிறுத்திவிடுவார்கள். வீட்டு மொட்டை மாடிக்கு ஒரே மூச்சில் இரண்டு முறை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: கப்பல் மிகவும் ஆடுமா? (ஈரோடு)

பதில்: பிஸ்கே விரிகுடாவில் குளிர்காலத்திலும் அரபிக்கடலில் தென்மேற்குப் பருவமழைக் காலத்திலும் ஆடும். பெரிய கப்பல் மெதுவாக ஆடும், அவ்வளவுதான் வேறுபாடு. பெரும்பாலோருக்கு மூன்றாம் நாள் பழகிவிடும்.

கேள்வி: இணையம் சரியாகக் கிடைக்காது, கேளிக்கை இல்லை என்கிறார்கள். அத்தனை நாள் என்னதான் செய்வது? பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? (சேலம் வாசகர்)

பதில்: எனக்குப் பிடித்த கேள்வி இது. முதல் நாளே பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். அபாய மணி ஒலித்ததும் உயிர்காப்பு அங்கியோடு குறித்த இடத்தில் வந்து நிற்க வேண்டும். பிறகு தலை முதல் கால் வரை மூடும், குளிர்நீரில் உயிரைக் காக்கும் தடித்த ரப்பர் உடையை இரண்டு நிமிடத்துக்குள் உடுத்திக்காட்டச் சொல்வார்கள். முதன்முறை உடுத்தும் எவரும் ஆரஞ்சு நிற யானைக்குட்டிபோல் தட்டுத் தடுமாறுவார்கள். மாலுமிகளுக்கும் பயணிகளுக்கும் இடையிலான முதல் சிரிப்பு பெரும்பாலும் அங்கேதான் பிறக்கும்.

அதற்குப்பின் தாங்கள் சுதந்திரமானவர். கேப்டன் அனுமதித்தால், கப்பலைச் செலுத்தும் அறையான பிரிட்ஜுக்குச் சென்று வரைபடமும் ராடாரும் பார்க்கலாம். பைலட் ஏறும்போதும் நெருக்கடியான நேரத்திலும் மட்டும் அங்கிருந்து விலகிவிட வேண்டும். என் இராச்சியமான எந்திர அறைக்கும் ஒருநாள் அழைத்துச் செல்வார்கள். ஒரு சிலிண்டரின் உள்விட்டம் மட்டும் ஏறக்குறைய ஒரு மீட்டர். மூன்று மாடி உயரமுள்ள அந்த எந்திரம் நிமிடத்துக்கு நூறு சுற்றுக்கும் குறைவாகவே சுழலும். காதடைப்பான் இல்லாமல் நிற்க முடியாது. வெயில்நாட்டுக் கடலில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிவிடும். இதற்கு நேர்மாறான இடம் அணியம், அதாவது கப்பலின் முன்முனை. எந்திரமும் புகைபோக்கியும் இருநூறு மீட்டருக்குப் பின்னால் இருப்பதால் அங்கே ஒலியே இராது. கீழே நீரைப் பிளக்கும் சலசலப்பும், கப்பலைக் கண்டு அஞ்சிச் சிதறும் பறக்கும் மீன்களும் மட்டுமே. என் வேலை முழுவதும் இரைச்சலுக்குள் என்பதால், ஓய்வு கிடைத்த மாலைகளில் நான் அங்கேதான் போய் உட்கார்ந்திருப்பேன். பயணிகள் அங்கு செல்லும் முன் பிரிட்ஜில் சொல்லிவிட்டுச் செல்ல வேண்டும். திரும்பியதும் மறக்காமல் சொல்ல வேண்டும்.

கடிகாரமும் ஒரு வேடிக்கை. மேற்கு நோக்கிச் செல்லும்போது சில நாள்களுக்கு ஒருமுறை இரவில் கடிகாரத்தை ஒரு மணி பின்னே தள்ளுவார்கள். அன்றைய நாளுக்கு 25 மணி. கிழக்கு நோக்கி வரும்போது அந்தக் கடனை ஒவ்வொன்றாகத் திருப்பிச் செலுத்த வேண்டும். பனாமா கால்வாய் வழியே செல்லும் பேறு வாய்த்தால் அன்று தூங்காதீர்கள். மதகுகளில் நீரை நிரப்பி, மலைபோன்ற கப்பலைக் கடல் மட்டத்திலிருந்து 26 மீட்டர் உயர்த்தி ஓர் ஏரியில் மிதக்கவிடுவதைக் கப்பலின் மேலேயே நின்று பார்க்கலாம்.

ஊர் பார்க்கலாம் என்ற ஆசையை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். 1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்கர் 58 பெட்டகங்களை ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பிய நாளோடு, துறைமுகத்தில் வாரக்கணக்கில் நின்று ஊர் சுற்றிய கடலோடியின் காலம் முடியத் தொடங்கிவிட்டது. இன்று ஆயிரக்கணக்கான பெட்டகங்களை ஒரே நாளில் இறக்கி ஏற்றிவிடுகிறார்கள். பெட்டகத் துறைகள் நகரத்திலிருந்து வெகுதூரத்தில் இருக்கின்றன. 2004இல் நடைமுறைக்கு வந்த பாதுகாப்பு விதிகளால், துறைமுகத்துக்குள் விருப்பப்படி நடக்கவும் முடியாது. வாயில்வரை வண்டி, அங்கே அடையாளச் சோதனை, அதற்குப்பின் டாக்ஸி என்று போய்வருவதற்குள் படிக்கட்டின் அருகே தொங்கும் பலகையில் எழுதிய புறப்பாட்டு நேரம் வந்துவிடும். அந்தப் பலகையில் உள்ள நேரம்தான் சட்டம். பயணி வரவில்லை என்று கப்பல் காத்திருக்காது.

கேள்வி: பணம் கொடுக்காமல், கப்பலில் வேலை செய்துகொண்டே செல்ல முடியாதா? ஒருவர் 2 லட்சம் கேட்கிறார். (இராமநாதபுரம் இளைஞர்)

பதில்: கொடுக்காதீர்கள். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே உலகம் சுற்றிய காலம் போய்விட்டது. இன்று தளம் துடைப்பவருக்கும் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றுகளும் கடலோடிப் பணிப்பதிவுப் புத்தகமும் வேண்டும். வேலைக்கு ஆள் சேர்க்கும் நிறுவனம் இந்தியக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அந்தப் பட்டியலை இயக்குநரகத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். உரிமம் பெற்றவர் கடலோடியிடம் வேலைக்காகக் கட்டணம் வாங்கக் கூடாது. தங்களிடம் பணம் கேட்டவரின் உரிம எண்ணைக் கேட்டுப் பாருங்கள், அடுத்த அழைப்பு வராது.

கேள்வி: விசா? (பலர்)

பதில்: கப்பல் தொடும் ஒவ்வொரு நாட்டுக்கும் முன்கூட்டியே வாங்க வேண்டும், தாங்கள் இறங்காவிட்டாலும் கேட்கக்கூடும். ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா வழியாகத் திரும்புகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றையும் கையில் வைத்திருக்க வேண்டும். போட்டு 10 நாள் கழிந்த பிறகே அது செல்லும்.

கேள்வி: விமானமே இல்லாமல், சரக்கு கொண்டுவரும் கப்பலையே நம்பி வாழும் ஊர் இன்றும் உண்டா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: உண்டு. தென் அட்லாண்டிக்கில் உள்ள டிரிஸ்டன் டா குன்யா தீவில் விமான நிலையம் இல்லை. கேப் டவுனிலிருந்து ஏறக்குறைய 2,800 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அத்தீவுக்கு மீன்பிடிக் கப்பலிலோ ஆய்வுக் கப்பலிலோ ஒரு வாரம் செல்ல வேண்டும், அதுவும் தீவு மன்றத்தின் அனுமதி பெற்ற பிறகு. அதன் துறை சிறு படகுகளுக்கு மட்டுமே போதும் என்பதால் கப்பல் வெளியே நிற்கும். அலை அதிகமானால் ஊரைக் கண்ணால் கண்டுகொண்டே நாள்கணக்கில் காத்திருப்பார்கள். பசிபிக்கில் உள்ள பிட்கெர்ன் தீவின் நிலையும் இதுவே. செயின்ட் ஹெலினாவுக்கு மட்டும் 2017 அக்டோபரில் விமானம் வந்தது. அதுவரை சரக்கும் தபாலும் பயணிகளும் சுமந்த, தீவின் பெயரையே தாங்கிய கப்பல் 2018 பிப்ரவரியில் ஓய்வு பெற்றது.

கேள்வி: என் தாத்தா ரஜூலா கப்பலில் பினாங்கு சென்றார் என்பார்கள். அது சரக்குக் கப்பல்தானா? (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: இல்லை, அது பயணிகள் கப்பல், ஆனால் சரக்கும் சுமந்தது. பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்துக்காக 1926இல் கட்டப்பட்ட ரஜூலா, சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு, சிங்கப்பூர் சென்று திரும்பி ஏறக்குறைய அரை நூற்றாண்டு உழைத்தது. அறை எடுக்க வசதியில்லாதவர்கள் தளத்திலேயே பாய் விரித்துப் படுத்துச் சென்றார்கள். தங்கள் தாத்தாவும் பெரும்பாலும் அப்படித்தான் சென்றிருப்பார். ரஜூலாவுக்குப் பின் அந்த வழியில் ஓடிய சிதம்பரம் கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்து உயிர்ப்பலி வாங்கியதோடு சென்னை–சிங்கப்பூர்க் கப்பல் பயணமும் நின்றுபோனது.

நாகையில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க முடியாது. பயணிகளும் மூட்டைகளும் முதலில் படகில் ஏறி, அலையைத் தாண்டி, வெளியே நங்கூரமிட்டிருக்கும் கப்பலை அடைய வேண்டும். படகு மேலெழும் கணத்தில் கப்பலின் படிக்கட்டைப் பிடித்துத் தாவ வேண்டும். ஒரு கணம் தவறினால் படகு கீழிறங்கிவிடும். இன்றும் நடுக்கடலில் பைலட் கயிற்று ஏணியில் ஏறுவதை மேலிருந்து பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தலைமுறையின் நினைவுதான் வரும். தங்கள் வீட்டில் தாத்தாவின் பழைய பயணச்சீட்டோ கடிதமோ இருந்தால் ஒரு படி எடுத்து அனுப்புங்கள். அடுத்த இதழில் அதைப் பற்றி எழுதுகிறேன்.